ஸ்டேஷன் வரைக்கும் கூட வாருங்கள்

நல்லம்பள்ளி வட்டத்து ஊர்ப் பெரியவர்களுக்கும், சந்தைக் கடைக்காரர்களுக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும்



கேமரா மாட்டுவதற்காக வசூல் நோட்டோடு கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள். ராத்திரி ரோந்துக்குப் பையன்களின் பெயரை எழுதுகிறீர்கள். பட்டியில் அடைத்த ஆடு விடிந்தால் இல்லை, நடந்து போகிற பெண்ணின் கழுத்துச் செயினை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போகிறான், பூட்டிய வீட்டில் பீரோ திறந்து கிடக்கிறது. இந்தப் பயம்தான் உங்களை இந்த வேலையில் இறக்கியிருக்கிறது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. வசூலுக்கு என்னால் ஆனதைக் கொடுத்தும் விட்டேன். ஆனால் அந்த நோட்டில் பெயருக்கு நேராகத் தொகை எழுதத்தான் இடம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது.

மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று வருகிறவர்கள்தான் அதிகம். நடுவில் ஒருவர் வருவார். மற்றவர்கள் முடித்துக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார். போலீசுக்கு மனு எழுத வந்தவர் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிடும். விசாரித்தால், சம்பவம் நடந்து வாரக்கணக்காகியிருக்கும். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால், ஆளுக்கு ஆள் கதை மாறினாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கிறது. "ஊர்லயே பேசிக்கலாம்னு சொன்னாங்க."

சொன்னவர்கள் நீங்கள். போலீஸ் மனுவை வாங்கவில்லை என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஸ்டேஷன் படியை மிதித்ததே கிடையாது. டீக்கடை பெஞ்சிலும் கோயில் திண்ணையிலும் உங்களால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ஊர்ப் பாதுகாப்பு என்று நீங்கள் பேசத் தொடங்கியிருக்கிற இந்த நேரத்தில், முதலில் இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு அக்காவின் விஷயத்தைச் சொல்கிறேன். கணவர் இல்லை. நூறு நாள் வேலையும் நாலு வெள்ளாடும்தான் அவருக்கு வருமானம். ஒரு ராத்திரி இரண்டு ஆடு போய்விட்டது. மனு எழுதும்போது அடையாளம் கேட்டேன். "ஒன்னு கருப்பு, நெத்தியில வெள்ளைச் சுட்டி. இடது காது நுனி கிழிஞ்சிருக்கும், குட்டியா இருக்கறப்ப முள்வேலில மாட்டிக்கிச்சு. இன்னொன்னு சினைங்க" என்றார். பெற்ற பிள்ளைக்கு மச்சம் சொல்வது போல அத்தனை துல்லியம். ஆடு காணாமல் போன அன்றே அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போயிருக்கிறார். ஆட்டுக்காகக் கேஸா, அலைய விட்டுவிடுவார்கள், செவ்வாய்க்கிழமை சந்தையில் போய்த் தேடிப் பார் என்று அவர் அனுப்பிவிட்டார்.

அவரும் போனார். விடிவதற்கு முன்பே நம் சந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சரக்கு வண்டிகள் வந்து நிற்க, வியாபாரிகள் ஆட்டை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற அந்த நெரிசலில், இந்த அக்கா ஒவ்வோர் ஆட்டின் இடது காதையும் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஒரு வண்டியருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்ததும், "எங்களப் பாத்தா திருடன் மாதிரி தெரியுதா?" என்று விரட்டியிருக்கிறார்கள். கையில் மனு ரசீது ஒன்று இருந்து, பக்கத்தில் ஒரு காவலர் நின்றிருந்தால், அதே வண்டிக்காரர் படுதாவைத் தூக்கிக் காட்டியிருப்பார். ஆடு அந்த வண்டியில் இருந்ததா இல்லையா என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது. திருடியவனைப் பிடிக்க இருந்த ஒரே வாய்ப்பு அந்தச் செவ்வாய்க்கிழமைதான். அதை அவரிடமிருந்து பறித்தது ஊரின் அறிவுரை.

"ஆட்டுக்காகக் கேஸா" என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில், திருடு போன பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 5000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும். இன்றைய சந்தை விலையில் வளர்ந்த ஆடு இரண்டின் மதிப்பு அந்தத் தொகையைத் தாண்டும். ஆனால் "இரண்டு ஆடு காணோம்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போகிறவருக்கு மதிப்பை எழுத வேண்டும் என்று யார் சொல்வது? செவ்வாய்தோறும் விலை பேசுகிற நீங்கள்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று, இந்த ஆடு இன்ன விலை போகும் என்று ஒரு வியாபாரி சொன்னால், அந்த மனுவின் கனமே வேறு.

கேமராவுக்கு வருகிறேன். மாட்டுங்கள், நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். கேமராவின் எண்ணிக்கையையும் டிஸ்கின் அளவையும் பொறுத்துச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ எல்லாம் அழிந்துவிடும். ஊரில் பேசி முடிக்கலாம் என்று நீங்கள் இழுத்தடிக்கிற நாட்களும், பதிவு அழிகிற நாட்களும் ஒன்றே. பணம் கொடுத்து வாங்கிய சாட்சியை நாமே அழிய விடுகிறோம். போதாததற்கு, பெரும்பாலான கடைகளில் கேமரா ஷட்டரைத்தான் பார்க்கிறது. ரோட்டில் போகிற வண்டியின் நம்பர் ராத்திரி வெளிச்சத்தில் அதில் தெரியாது. மாட்டுவதற்கு முன்பு கோணத்தை ஒருமுறை நின்று பாருங்கள். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று மாட்டுகிறவரிடம் எழுதி வாங்குங்கள்.

போனில் பணம் பறிகொடுத்தவர்கள் கதையும் இதேதான். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசினால், பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், நாலு நாள் கழித்து என்னிடம் வந்தால் நான் எழுதுகிற மனுவால் என்ன பயன்? பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று தெரிந்தும் குழந்தைகளுக்கான 1098க்குப் பேசாமல் இருக்கிறீர்கள். அடி வாங்கி வந்த பெண்ணை, பெண்களுக்கான 181க்குப் பேச விடாமல், "குடும்பம்னா அப்படித்தான்" என்று ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறீர்கள். திருடனிடமிருந்து ஊரைக் காப்பாற்றத் துடிக்கிற உங்களுக்கு இவை பாதுகாப்புக் கணக்கில் ஏன் வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது போலீசைப் பற்றி. நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நம் மாவட்டத்தில் அப்படி வாங்குவதற்கு மனம் வராது. 1992 ஜூனில் அரூர்ப் பக்கம் வாச்சாத்தி மலைக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து செய்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. 18 பெண்களைச் சீரழித்த அந்த வழக்கில் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். அன்று தண்டிக்கப்பட்ட 215 பேரில் 84 பேர் போலீஸ்காரர்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 31 வருஷம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துவைத்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். ஸ்டேஷனில் பட்ட அடியில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆகவே, பயப்படாமல் போங்கள் என்று ஏழைகளிடம் சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது.

தனியாகப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அங்கேதான் நீங்கள் வேண்டும். சட்டை மடிப்புக் கலையாத ஒரு கடைக்காரரும், சங்கத்தில் பேசிப் பழகிய ஓர் அக்காவும் பக்கத்தில் நிற்கும்போது, அதே மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கேள்வியின் தொனி மாறிவிடுகிறது. இது நியாயமில்லை. ஆனால் இன்று நிலைமை அப்படித்தான் இருக்கிறது. அந்த மரியாதையைக் கொஞ்ச நேரம் இன்னொருவருக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கூடப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் அதிகமில்லை. மனுவைக் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் இலவசம், கேட்பது உரிமை. அதியமான்கோட்டை எல்லையா, தொப்பூர் எல்லையா என்ற பேச்சுக்கு இடமே இல்லை. கைது செய்யக்கூடிய குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனும் வழக்கைப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட குற்றத்துக்கு வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே தீர்ப்பளித்துவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதித் தர நான் தயார். கூடப் போக ஆள் வேண்டும்.

ரோந்துக்குப் பெயர் கொடுத்த தம்பிகளே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். ராத்திரி கண் விழித்து ஊரைக் காக்கிறேன் என்று வந்த உங்கள் மனசு பெரியது. ஆனால் கையில் தடியோடு, வழியில் வருகிறவனை நிறுத்தி "எந்த ஊரு? என்ன சாதி? எங்க போற?" என்று கேட்கிற வேலைக்கு யாரும் உங்களை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். 1993ல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற காவல் கண்காணிப்பாளர் 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பொதுமக்களுக்கும் போலீசுக்கும் பாலமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். மாநிலம் முழுக்கப் பரவியது. காலப்போக்கில் பல இடங்களில் அது லத்தியும் விசிலுமாக, சீருடையில்லாத போலீசாக மாறிவிட்டது என்ற புகார் எழுந்தது. சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில் அதற்குத் தடை வந்தது. போலீசின் அதிகாரத்தில் ஒரு துண்டு கையில் கிடைத்தால் யாருக்கும் தலை சுற்றும். அந்தத் துண்டு உங்களுக்கு வேண்டாம்.

2018 மே மாதம் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு போளூர் பக்கம் வந்த 65 வயது அம்மா ஒருவர், அத்திமூரில் வழியில் பார்த்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி ஊரே சேர்ந்து அடித்ததில் அவர் செத்துப்போனார். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று முழுமனதோடு நம்பியவர்கள்.

நம் வட்டத்துக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது. அதகப்பாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. நாலு வழிச்சாலையில் ராத்திரி பகலாக வடமாநில லாரிகள் போகின்றன. தமிழ் தெரியாத முகங்கள் இனி நம் கடைத்தெருவில் அதிகம் தெரியும். அவர்கள் வாடகைக்கு இருக்கப்போவது உங்கள் வீடுகளில், மளிகை வாங்கப்போவது உங்கள் கடைகளில். அவர்கள் செல்போனைப் பறிகொடுத்தாலும், கூலி கிடைக்காமல் நின்றாலும் போக ஓர் இடம் வேண்டும். சந்தேகப்பட வேண்டியவர்கள் என்ற வரிசையில் அவர்களை நிறுத்தித் தொடங்குகிற காவல் எங்கே போய் முடியும் என்று அத்திமூர் காட்டியிருக்கிறது.

சந்தேகமான வண்டி கண்ணில் பட்டால் நம்பரைக் குறித்துக்கொண்டு 100க்கோ 112க்கோ பேசுங்கள். பூட்டிய வீட்டில் பட்டா புத்தகம் என்கிற போலீஸ் ரோந்து நோட்டை வைத்து, ரோந்துக் காவலர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால் கேளுங்கள். நம் பகுதிக்கு ரோந்து வரும் காவலர் யார், அவரை எந்த எண்ணில் பிடிப்பது என்பதைக் கேட்டு வாங்கிப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதுங்கள். தடி வேண்டாம்.

அடுத்ததைச் சொல்லத் தயங்கித்தான் எழுதுகிறேன். வசூல் நோட்டில் கமிட்டி என்று எழுதியிருக்கிற பெயர்களைப் பார்த்தேன். காலனியிலிருந்து ஒரு பெயர் இல்லை. பெண் பெயர் ஒன்றும் இல்லை.

வேறு எந்த மாவட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் போட்டாலும் குறை என்று சொல்லிவிட்டு விடலாம். நம் மாவட்டத்தில் விட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் புகுந்து, 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை செய்து கட்டிய வீடு, மகளுக்கென்று சேர்த்த நகை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் போயின. ஒரு காதல் திருமணம், அதைத் தாங்காமல் பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டது, அதன் பிறகு திரண்ட கூட்டம். அடுத்த வருஷம் ஜூலை 4ல், காதலித்து மணந்த அந்தப் பையன் இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். அந்த நவம்பர் சாயங்காலம் கொளுத்த வந்தவர்களும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கும் ஊர், மானம், பாதுகாப்பு என்ற சொற்கள்தான் வாயில் இருந்திருக்கும்.

அதனால் ஊர்க் கமிட்டி என்று கேள்விப்பட்டதும் காலனியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. காலனிப் பையன் ராத்திரி வேலை முடித்துத் திரும்பும்போது உங்கள் ரோந்து அவனை நிறுத்தினால் அவன் உயிர் எப்படித் துடிக்கும் என்று யோசியுங்கள். அவனும் அந்தக் கமிட்டியில் இருந்தால்தான் அந்தப் பயம் தீரும். பேருக்கு ஒருவரைச் சேர்த்து மூலையில் உட்கார வைப்பதும் போதாது. மாதக் கூட்டத்தைக் கடைத்தெருவில் ஒருமுறை வைத்தால், அடுத்த முறை காலனிச் சமுதாயக் கூடத்தில் வையுங்கள். அங்கே வந்து உட்காருங்கள். கொடுக்கிற டீயைக் குடியுங்கள்.

இது உங்களால் ஆகாத காரியம் என்று நான் நம்பவில்லை. தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடுவது யார்? 2020 டிசம்பரில் வரிசையாக நின்ற கார்களின் மேல் லாரி ஏறியபோதும், 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் லாரிகளும் காரும் மோதித் தீப்பற்றியபோதும், ஒவ்வொரு தடவையும் நாலு உயிர் போனது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வருகிற வண்டிகளுக்கு நடுவே, இன்னொரு வண்டி வந்து மோதுமே என்று பார்க்காமல் கம்பியை வளைத்து ஆளை வெளியே எடுப்பவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ரத்தத்தில் கிடப்பவன் எந்த ஊர், என்ன சாதி என்று அப்போது யாரும் கேட்டதில்லை. காப்பாற்றியவரைக் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2019ல். நீங்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் திருடு போனதை மீட்க ஓடியதற்கும் இந்த மண்ணில் சாட்சி உண்டு. நம் மாவட்டத்து நடுகற்களில் பல, கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு ஊர் நட்டவை. மேட்டிலும் வயல் வரப்பிலும் அவை இன்றும் நிற்கின்றன. அன்று உயிரைக் கேட்ட காரியம் இன்று ஒரு அரை நாளைத்தான் கேட்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். கிராமசபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அடுத்து வருகிற கிராமசபையில், கேமராவுக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடும்போது, இன்னொரு தீர்மானத்தையும் எழுதுங்கள். திருட்டோ, அடிதடியோ, வீட்டுக் கொடுமையோ, சாதி சொல்லித் திட்டியதோ, எதுவானாலும் புகார் கொடுக்கப் போகிற யாரையும் இந்த ஊரில் யாரும் தடுக்கக் கூடாது. ஊர்ப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் புகாரை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கேட்கிறவருக்குத் துணையாக இரண்டு பேர் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ரசீது கைக்கு வரும்வரை திரும்பக் கூடாது. கடைத்தெருவிலும் காலனியிலும் மலையடிவாரத்திலும் இருந்து முறை வைத்து ஆட்களின் பெயரையும் போன் நம்பரையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டுங்கள். சிப்காட் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக இந்தி தெரிந்த ஒருவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

தீர்மான வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். திருத்த வேண்டுமென்றால் உட்கார்ந்து திருத்தலாம். நிறைவேறியதும் ஒரு நகல் ஸ்டேஷனுக்கும், ஒரு நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கும், ஒன்று கலெக்டருக்கும் போக வேண்டும். மூன்றையும் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்கிற பொறுப்பு என்னுடையது. துணைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் விடியற்காலையில் போட்டு விடுங்கள். ஆட்டைப் பறிகொடுத்தவர்கள் வருகிற நேரம் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் மனு எழுதிக் கொடுப்பவள்